வீட்டுச் சாவி யாரிடம்?
கோடை விடுமுறையில் செல்லப்பிராணிகளின் பாதுகாப்பு

ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால், எங்கள் கிளைக்கு வரும் வாடிக்கையாளர்களின் கேள்விகள் ஒரே திசையில் திரும்பிவிடும். நகைகளை லாக்கரில் வைக்க வேண்டும். பயணக் காப்பீடு எடுக்க வேண்டும். வெளியூரில் டெபிட் கார்டு வேலை செய்யுமா என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். தில்லிப் பள்ளிகளுக்கு மே மாத நடுவிலிருந்து ஜூன் இறுதிவரை விடுமுறை என்பதால், இங்கு வாழும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் அந்த ஆறு வாரங்களுக்குள்தான் ஊருக்குச் சென்று திரும்புகின்றன. பூட்டிய வீட்டிலுள்ள பொருள்களைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு விசாரிப்பவர்கள், அதே வீட்டில் உயிரோடு இருக்கும் ஒன்றைப் பற்றி எங்களிடம் கேட்பதில்லை. அது வங்கியில் கேட்கும் கேள்வியா என்று தோன்றுவது இயல்பே. எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது, சென்ற ஆண்டு மே மாதம் வரையில்.

துவாரகாவில் நாங்கள் வசிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஐந்தாம் தளத்தில் மதுரையைச் சேர்ந்த ஒரு குடும்பம் இருக்கிறது. அவர்களுடைய லாப்ரடார் நாயின் பெயர் சீசர். உறவினர் திருமணத்துக்காகப் பன்னிரண்டு நாள் ஊருக்குப் புறப்பட்ட அவர்கள், சீசரைக் கவனிக்கத் தகுந்த ஏற்பாடு செய்துவிட்டுத்தான் சென்றார்கள். குடியிருப்பில் கார்களைக் கழுவும் இளைஞரிடம் சாவி. காலையும் மாலையும் உணவு. கூலர் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

நான்காம் நாள் முற்பகல் பதினொரு மணிக்கு மின்சாரம் நின்றது. மேற்குப் பார்த்த அறை. மாலை ஐந்து மணிக்கு அந்த இளைஞர் கதவைத் திறந்தபோது, சீசர் குளியலறை வாசலில் கால்களை நீட்டிப் படுத்து, வாய் நிறைய நுரையோடு மூச்சிரைத்துக்கொண்டிருந்தது. பெயர் சொல்லி அழைத்தும் எழவில்லை. அவர் மதுரைக்குத் தொலைபேசியில் அழைத்தார். திருமண மண்டபத்து நாதசுர ஒலியில் யார் காதிலும் மணி விழவில்லை. நாங்களும் எதிர்வீட்டுக்காரரும் சேர்ந்து நாயைக் காரில் ஏற்றிக் கால்நடை மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டு சென்றோம்.

அங்கே மருத்துவர் வரிசையாக நான்கு கேள்விகள் கேட்டார். எடை எவ்வளவு? கடைசியாகத் தடுப்பூசி போட்டது எப்போது? வேறு நோய்க்கு மருந்து ஏதும் கொடுக்கிறீர்களா? சிகிச்சைக்குச் சம்மதம் தந்து கையெழுத்திடுபவர் யார்? நான்குக்கும் எங்களிடம் பதில் இல்லை. முன்பணம் கட்டச் சொன்னபோது, இளைஞரின் கைபேசிக் கணக்கில் இருந்தது இருநூறு ரூபாய்க்குச் சற்று மேல். பணத்தை நாங்கள் கட்டினோம். கையெழுத்தையும், உரிமையில்லை என்று தெரிந்தே, நாங்களே போட்டோம். சீசர் நான்கு நாள் சிகிச்சைக்குப் பின் பிழைத்துக்கொண்டது.

அன்றிரவு எங்களை உறுத்தியது வேறொன்று. சீசருக்கு உணவு இருந்தது, தண்ணீர் இருந்தது, அன்புள்ள ஓர் ஆளும் இருந்தார். அவசரத்தில் முடிவெடுக்கத் தேவையான விவரமும், அதிகாரமும், பணமும் மட்டும் அந்த ஆளிடம் இல்லை. செல்லப்பிராணியை விட்டுச் செல்லும் பெரும்பாலான வீடுகளில் ஏற்பாடு நின்றுவிடும் இடம் இதுதான்.

வெப்பம் செய்யும் வேலை

மனிதருக்கு உடல் முழுவதும் வியர்க்கிறது. நாய்க்கு வியர்வைச் சுரப்பிகள் பாதங்களின் அடிப்பகுதியில்தான் முக்கியமாக உள்ளன. அவற்றால் உடல் குளிர்வது மிகக் குறைவு. வாயைத் திறந்து மூச்சிரைத்து, நாக்கிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. சுற்றியுள்ள காற்றே உடலைவிடச் சூடாக இருந்தாலும், மூடிய அறையில் ஈரப்பதம் ஏறிவிட்டாலும், அந்த வழி அடைபட்டுவிடும். நாயின் இயல்பான உடல் வெப்பநிலை 101 முதல் 102.5 பாரன்ஹீட் வரை. 104ஐத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. 106ஐ நெருங்கினால் சிறுநீரகம், கல்லீரல், மூளை என்று ஒவ்வோர் உறுப்பாகப் பாதிக்கப்படும். பக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு மூச்சுப்பாதையே குறுகியது என்பதால் இந்த எல்லைகள் விரைவில் வந்துவிடும். ஒரு தொலைபேசி விளம்பரத்தால் நாடெங்கும் வீடுகளுக்குள் புகுந்த அந்த இனம், வட இந்தியக் கோடைக்குச் சிறிதும் பொருந்தாதது என்பதை வாங்கும்போது யாரும் சொல்வதில்லை.

கூலர் இருக்கிறதே என்ற நம்பிக்கையும் அரைகுறையானது. மே மாதத்து வறண்ட 'லூ' காற்றில் கூலர் நன்றாகவே வேலை செய்யும். ஆனால், தொட்டியில் தண்ணீர் வற்றினால் அது வெப்பக் காற்றை வீசும் மின்விசிறியாகிவிடும். மின்சாரம் நின்றால் அதுவும் இல்லை. ஆகவே நாய் இருக்க வேண்டியது மேற்கு வெயில் படாத, காற்றோட்டமுள்ள, தரை குளிர்ந்த அறை. மொட்டைமாடியும் கண்ணாடி அடைத்த பால்கனியும் ஆகவே ஆகா. குளியலறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டுச் செல்வது நல்லது. சீசர் அந்த வாசலைத் தேடிப்போய்ப் படுத்தது தற்செயல் அன்று.

வெப்பத் தாக்குதலின் அடையாளங்களை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். நிற்காத மூச்சிரைப்பு, கெட்டியான எச்சில், ஈறுகள் அடர்சிவப்பாக மாறுதல், தள்ளாட்டம், வாந்தி. இவற்றைக் கண்டால் முதலில் உடலைக் குளிர்விக்க வேண்டும். அதன் பிறகே வண்டி. நிழலில் கிடத்தி, வயிறு, தொடையிடுக்கு, பாதங்கள் ஆகியவற்றின் மீது தண்ணீரை ஊற்றி விசிறியைப் போட வேண்டும். இங்கே தில்லிவாசிகள் மறந்துவிடும் ஒன்று உண்டு. மே மாதப் பிற்பகலில் குழாயைத் திறந்தால் மாடித் தொட்டியிலிருந்து வருவது வெந்நீர். எனவே, விட்டுச் செல்லும் வீட்டில் இரண்டு வாளித் தண்ணீரை நிழலில் நிரப்பி வைத்திருக்க வேண்டும். ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிட்டால் அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் சிறிது சிறிதாகக் குடிக்கத் தரலாம். வாயைத் திறந்து ஊற்றக் கூடாது.

நிறுத்தி வைத்த காரில் நாயை 'ஐந்து நிமிடம்தானே' என்று விட்டுச் செல்வது இதைவிடக் கொடியது. பத்து நிமிடத்தில் காருக்குள் வெப்பம் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்துவிடுகிறது. கண்ணாடியைச் சற்றே இறக்கி வைப்பதால் பெரிய பயன் இல்லை. நடைப்பயிற்சியை விடியற்காலையிலும் இரவிலும் வைத்துக்கொள்ள வேண்டும். புறங்கையைச் சாலையில் ஏழு விநாடி வைத்திருக்க முடியவில்லையென்றால் அந்தச் சாலை நாயின் பாதத்துக்கும் ஏற்றதன்று.

பூனை வளர்ப்போருக்கு இரண்டு செய்திகள். பூனை தானாகவே இருந்துகொள்ளும் என்பது பாதி உண்மை. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து உண்ணாவிட்டால் பூனையின் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். பழகிய ஆள் இல்லாத ஏக்கத்தில் உண்ண மறுப்பதும் உண்டு. ஆகவே நாள்தோறும் ஒருவர் வந்து, கிண்ணத்தில் குறைந்த அளவைப் பார்க்க வேண்டும். இரண்டாவது, பால்கனிக்கு வலை. பூனை எங்கிருந்து விழுந்தாலும் நான்கு காலில் நிற்கும் என்ற பழங்கதையை நம்பி வலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

மீன் தொட்டிக்கு எதிரி பசியன்று, பாசம். நலமாயுள்ள வளர்ந்த மீன்கள் சில நாள் உணவின்றி இருந்துவிடும். பக்கத்து வீட்டுக் குழந்தை கைநிறைய அள்ளிப்போடும் உணவுதான் தண்ணீரைக் கெடுத்து அவற்றைக் கொல்கிறது. பச்சைக்கிளியையும் நட்சத்திர ஆமையையும் வீட்டில் வைத்திருப்போர், அது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம் என்பதை அறிந்திருப்பது நல்லது.

மன்றத்தின் பதிவேடு

எங்கள் குடியிருப்பில் ஒரு மன்றம் இருக்கிறது. யோகா வகுப்பு, தீபாவளி விருந்து, பொங்கலன்று கோலப் போட்டி, குழந்தைகளுக்குக் கோடை முகாம் ஆகியவைதான் அதன் பணிகள். சீசர் வீடு திரும்பிய வாரத்தில் அந்த மன்றத்திலேயே செல்லப்பிராணிகளுக்கென ஒரு குழு தொடங்கப்பட்டது. தனிச் சங்கம் வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பதவிகள் முளைத்தால் நாய்களை மறந்துவிடுவோம் என்று மற்றவர்கள் தடுத்துவிட்டார்கள். அது சரியான முடிவென்றே எங்களுக்குப் படுகிறது.

குழு செய்த முதல் வேலை ஒரு பதிவேடு. மருத்துவர் கேட்ட நான்கு கேள்விகளே அதன் நான்கு பத்திகள். ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு பக்கம். எடை, தடுப்பூசிச் சான்றின் நகல், வழக்கமான மருந்துகள், ஒவ்வாமை, மாநகராட்சிப் பதிவு எண். (தில்லி மாநகராட்சிச் சட்டம் 1957, 399ஆம் பிரிவின்படி நாயைப் பதிவு செய்வது கட்டாயம், பதிவேடு தொடங்கிய பிறகுதான் எங்களில் பலர் அதைச் செய்தோம்.) வழக்கமான மருத்துவர் யார், இரவிலும் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்பனவும் அதில் உண்டு. முக்கியமானது கடைசித் தாள்: 'நாங்கள் ஊரில் இல்லாத நாள்களில், எங்களைத் தொடர்பு கொள்ள இயலாவிட்டால், இன்ன தொகை வரையிலான சிகிச்சைக்கு எங்கள் சார்பில் சம்மதம் தர இன்னாருக்கு அனுமதி அளிக்கிறோம்' என்று உரிமையாளர் எழுதிக் கையொப்பமிட்ட கடிதம். மூன்றே வரிதான். ஆனால், அந்த மாலையில் அது எங்கள் கையில் இருந்திருந்தால் அரைமணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

இரண்டாவது வேலை, முறை வைத்துக்கொள்வது. மே மாதம் ஊருக்குச் செல்லும் குடும்பமும் ஜூன் மாதம் செல்லும் குடும்பமும் இணைக்கப்படுகின்றன. இன்று நீங்கள் எங்கள் நாயைப் பார்த்துக்கொண்டால், அடுத்த மாதம் உங்கள் பூனை எங்கள் பொறுப்பு. இதை ஒரு நோட்டில் குறித்து வைக்கிறார்கள். வட்டியில்லாத இந்தக் கணக்கை நாங்கள் மொய் நோட்டு என்றுதான் சொல்லுகிறோம். வங்கியில் இத்தனை ஆண்டுகளில் இவ்வளவு ஒழுங்காகத் தீர்க்கப்பட்ட கடன்களைக் கண்டதில்லை. புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே, பார்த்துக்கொள்பவர் உரிமையாளரின் முன்னிலையில் நான்கைந்து முறை வந்து பழக வேண்டும் என்பது விதி. உணவை அவரே வைக்க வேண்டும், கழுத்துப்பட்டையை அவரே மாட்ட வேண்டும். பழகாத ஆள் கதவைத் திறக்கும் அந்த நொடியில்தான் நாய்கள் வெளியே ஓடித் தொலைந்துபோகின்றன. பகலில் மின்சாரம் நின்றால் குடியிருப்புக் காவலர் குழுவுக்குத் தகவல் சொல்வதும் இப்போது வழக்கமாகிவிட்டது.

கோடை முகாமில் குழந்தைகளுக்கும் இதில் பங்கு உண்டு, அளவோடு. உணவுப் பட்டியல் எழுதுவது, தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவுவது, படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்புவது அவர்கள் பணி. பெரியவர் உடனில்லாமல் பிறர் வீட்டு நாயை அணுகக் கூடாது. உண்ணும்போதும் உறங்கும்போதும் தொடக் கூடாது. கடியோ கீறலோ பட்டால் குழாய் நீரிலும் சோப்பிலும் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதை முகாமின் முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். தடுப்பூசி போட்ட வீட்டு நாய்தானே என்று மருத்துவரிடம் செல்லாமல் இருந்துவிடக் கூடாது.

எல்லோரும் இதை வரவேற்றார்கள் என்று சொல்ல முடியாது. நாய்களை மின்தூக்கியில் ஏற்றக் கூடாது என்றும், விடுமுறைக் காலத்தில் 'ஆளில்லாத நாய்களை' அனுமதிக்கக் கூடாது என்றும் பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டு வந்தார்கள். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மை வாக்கினாலும் செல்லப்பிராணிகளுக்குத் தடை விதிக்க இயலாது; மின்தூக்கியையும் மறுக்க இயலாது. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் அடிப்படையில் அமைந்த அந்த வாரியத்தின் முதல் தலைவர் ருக்மிணி தேவி அருண்டேல். பரதநாட்டியத்துக்காக நாம் நினைவுகூரும் அவர்தான், மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தபோது அச்சட்டத்துக்கு வித்திட்ட தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தவர்.

அதே சட்டம் உரிமையாளரையும் விடவில்லை. போதிய உணவும் நீரும் இருப்பிடமும் தராததும், பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் கைவிட்டுச் செல்வதும் 11ஆம் பிரிவின்படி குற்றங்கள். முதல் முறை தண்டம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை என்று அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். பணவீக்கத்தைப் பற்றி வாடிக்கையாளர்களுக்கு விளக்க வேண்டியிருந்தால் நாங்கள் இந்தப் பிரிவைத்தான் எடுத்துக்காட்டுவோம்.

பணத்தை எப்படி விட்டுச் செல்வது

எங்கள் துறைக்கு வந்துவிட்டோம். நாயைப் பார்த்துக்கொள்பவரிடம் டெபிட் கார்டையும் ரகசிய எண்ணையும் கொடுத்துவிட்டுச் செல்லும் வாடிக்கையாளர்கள் உண்டு. நம்பிக்கையான ஆள் என்பார்கள். ஆள் நம்பிக்கையானவராகவே இருக்கலாம். ஆனால், எண் எழுதிய துண்டுச்சீட்டு எங்கு போகும் என்று யாரால் சொல்ல முடியும்? எண்ணைப் பிறரிடம் பகிர்ந்த பின் கணக்கிலிருந்து பணம் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்படும் இழப்பு முழுவதும் வாடிக்கையாளரைச் சேரும். அதற்கு நல்ல மாற்று இப்போது இருக்கிறது.

யுபிஐ சர்க்கிள் என்ற வசதியில், உங்கள் கணக்கிலிருந்து பணம் செலுத்த நம்பகமான ஒருவரை இரண்டாம் பயனராகச் சேர்க்கலாம். முழு அனுமதி தந்தால், மாதத்துக்கு 15,000 ரூபாய்க்குள் நீங்கள் விதிக்கும் வரம்பு வரையில், ஒரு தடவைக்கு 5,000 ரூபாய்க்கு மிகாமல், அவர் தம் கைபேசியிலிருந்தே செலுத்தலாம். உங்கள் ரகசிய எண் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. பகுதி அனுமதி என்றால், ஒவ்வொரு செலுத்துகையையும் நீங்கள் உங்கள் கைபேசியில் ஏற்க வேண்டும். திருமண மண்டபத்திலும், கொடைக்கானல் மலைப்பாதையிலும் இருப்பவருக்குப் பகுதி அனுமதி உதவாது என்பதைச் சீசரின் கதையே சொல்லும். சேர்த்த முதல் நாளில் வரம்பு குறைவாக இருக்கும் என்பதால், புறப்படும் காலையில் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் செய்யாமல் சில நாள் முன்னதாகச் செய்து, ஒரு சிறு தொகையை அனுப்பிச் சோதித்துப் பாருங்கள்.

இணையத்தில் 'செல்லப்பிராணி விடுதி' என்று விளம்பரம் செய்து முன்பணம் வாங்கி மறைந்துவிடுவோர் விடுமுறைக் காலத்தில் பெருகுகிறார்கள். இடத்தை நேரில் பாராமல் பணம் அனுப்பாதீர்கள். முன்பணத்தைத் திருப்பித் தருகிறோம், இந்தக் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள் என்றால் அது மோசடிதான். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்துவிட்டு, வங்கிக்கும் தெரிவியுங்கள்.

குழுவின் அவசர நிதி எவருடைய தனிக்கணக்கிலும் இருக்கக் கூடாது. சங்கத்தின் பதிவுச் சான்று, துணைவிதிகள், நிர்வாகக் குழுத் தீர்மானம், பான் எண், கையொப்பமிடுவோரின் அடையாள ஆவணங்கள் ஆகியவற்றைக் கொண்டுவந்தால், இருவர் சேர்ந்து இயக்கும் கணக்கைத் தொடங்கலாம். நாய்களுக்கான காப்பீட்டைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வழங்குகின்றன. பிராணியின் வயது வரம்பையும் தடுப்பூசி நிபந்தனையையும் படித்துப் பார்த்து எடுக்க வேண்டும். விடுமுறைக்கு முந்தின நாள் எடுத்தால் நோய்களுக்கான காத்திருப்புக் காலம் முடிந்திருக்காது.

உடன் அழைத்துச் செல்ல விரும்புவோர் அறிய வேண்டியது: ரயிலில் குளிர்சாதன முதல் வகுப்புக் கூபே முழுவதையும் தம் பெயரில் பதிவு செய்தவர் நாயைத் தம்முடனே வைத்துக்கொள்ளலாம். இரண்டாம், மூன்றாம் வகுப்புக் குளிர்சாதனப் பெட்டிகளில் அனுமதி இல்லை. சரக்குப் பெட்டியில் உள்ள நாய்க்கூண்டில் அனுப்பலாம் என்றாலும், மே மாதத்தில் தில்லியிலிருந்து நாகபுரி வழியாகத் தெற்கே வரும் அந்தப் பயணத்தை நாங்கள் எந்த நாய்க்கும் பரிந்துரைக்க மாட்டோம்.

திரும்பி வந்ததும், பார்த்துக்கொண்டவருக்கு யுபிஐ சர்க்கிளில் தந்த அனுமதியை நீக்குங்கள். நாயின் காதுமடலுக்குள்ளும் விரலிடுக்குகளிலும் உண்ணிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். எடை பார்த்துப் பதிவேட்டில் எழுதுங்கள்.

இவ்வாண்டு மே 20 அன்று சீசரின் குடும்பம் மீண்டும் மதுரை செல்கிறது. நாய் இம்முறை இரண்டாம் தளத்தில், கிழக்குப் பார்த்த ஒரு வீட்டில் தங்குகிறது. அதன் பக்கத்தில், சிகிச்சைக்குச் சம்மதம் தர அனுமதி பெற்றவர்கள் என்ற பத்தியில் மூன்று பெயர்கள் உள்ளன. முதல் பெயர், கார் கழுவும் அந்த இளைஞருடையது.